மன்னிக்கத் தெரிந்த வண்டி

என் ஓரகத்திக்கு ஊரில் ‘பிரேக்கு மேடம்’ என்று பெயர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய, பக்கத்து சீட்டில் தனக்கென்று தனி பிரேக்கும் தனி கிளட்சும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் உத்தியோகம். பெயரைக் கேட்டால், எதற்கெடுத்தாலும் பிரேக்கை அழுத்துகிறவள் என்று தோன்றும். உண்மை அதற்கு நேர் எதிர். இரண்டு கால்களையும் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்வாள். உயிர் போகிற அவசரம் வந்தாலொழிய பிரேக்கைத் தொடமாட்டாள். ‘பிரேக்கு, பிரேக்கு’ என்று நாம்தான் அலற வேண்டும். அந்தக் கடுப்பில் அவளிடம் படித்தவர்கள் வைத்த பெயர் அது. நானும் அவளிடம் படித்தவள்தான். எனக்கும் அந்தக் கடுப்பு உண்டு.

நான் வீட்டுக்கு மூத்த மருமகள், அவள் இளையவள். ஒரே வீடு. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். நான் துணிக்கடையில் பில் போடுகிறேன். என்னை லைசென்ஸ் எடுக்க வைத்தே தீருவேன் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அவள் தயவில் டெஸ்ட்டுக்குப் போய், போன ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தோற்றுவிட்டு வந்தேன். மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பச் சொல்வார்கள். எனக்கு அது வராது. ஒன்று, இன்ஜின் செத்துப்போகும். இல்லையென்றால் வண்டி பின்னால் நழுவும். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் சீட்பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு எங்களுக்குள் பழக்கமாகிவிட்டது.

அவள் வேலை பார்த்த ஸ்கூலில் மற்ற வாத்தியார்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள். படிப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், கிளட்ச், பிரேக் இரண்டையும் இவர்களே தங்கள் பக்கத்துப் பெடலில் பார்த்துக்கொள்வார்கள். வண்டி வெண்ணெய்போல் போகும். ‘அடடா, நமக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே’ என்று படிக்கிறவர்கள் உச்சி குளிர்ந்து வீட்டுக்குப் போவார்கள். பிறகு தனியாக ஓட்ட உட்கார்ந்தால், முதல் தெரு முனையிலேயே சாயம் வெளுத்துவிடும். இவள் மட்டும் கால்களை இழுத்து வைத்துக்கொள்வாள். இவளிடம் படிக்கிறவர்களின் வண்டி குலுங்கும், நிற்கும், பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே திட்டுவான். நாளும் அதிகமாகும். ஆனால் போகிறவர்கள் ஓட்டத் தெரிந்துகொண்டு போவார்கள்.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. “நீ சொல்லிக்கொடுக்கிற வேகத்துக்கு நான் கடைய மூடிட்டுப் போகணும்” என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். “அப்ப நான் போறேன் சார்” என்று இவள் சொல்லிவிட்டாள். பேச்சுக்குச் சொல்லவில்லை. தனியாக ஸ்கூல் நடத்தும் அனுமதிக்கு ஏற்கெனவே அலைந்து, அது கைக்கு வரும் நிலையில் இருந்தது. எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும், “நீ ஆரம்பிச்சா நாங்க வர்றோம்” என்று பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். கார் மட்டும்தான் இல்லை. முதலாளி டீக்கடையில் உட்கார்ந்து, “பாருங்க, ஒரு ஓட்டை வண்டிய வாங்கி, அது நடுரோட்டுல படுத்ததும் என்கிட்டத்தான் வந்து நிப்பா” என்று ஜாதகம் கணித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் தலையில் டீயை ஊற்ற வேண்டும்போல் இருந்தது.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு முள் இருந்தது. அவள் சேர்த்து வைத்திருந்தது ஒரே ஒரு பழைய வண்டிக்குத்தான் காணும். அது சரியாக அமைந்தால் ஸ்கூல். அது காலை வாரிவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை. அதே முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அவள் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. மாடியில் ராத்திரியெல்லாம் அவள் நடக்கிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும்.

வண்டி தேடும் பொறுப்பை எங்கள் வீட்டுக்காரர்கள், அண்ணன் தம்பி இருவரும் தாங்களாகவே தலையில் போட்டுக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கார் வைத்தியராகிவிட்டார். அவருடைய சட்டம் ஒன்றுதான். கிலோமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். தம்பியும் அண்ணன் சொல்லுக்குத் தலையாட்டுவார். அப்படி இருவரும் கண்டுபிடித்த வண்டி ஒன்று பளபளவென்று நின்றது. அதிகம் ஓடாத வண்டி. வாசனைத் திரவியம் வேறு அடித்து வைத்திருந்தார்கள். இவள் உள்ளே உட்கார்ந்ததும் முதலில் செய்த காரியம், சீட்பெல்ட்டைப் பிடித்து அது முடிகிற வரைக்கும் வெளியே இழுத்தது. உள்ளே சுருண்டு கிடந்த பாகத்தில் காய்ந்த சேறு கோடு போட்டிருந்தது. வண்டி வெள்ளத்தில் முங்கி எழுந்தது. “வெளிய கழுவுறவன் உள்ள சுருண்டு கிடக்கறத இழுத்துக் கழுவ மாட்டான்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணனும் தம்பியும் ஜன்னலுக்கு வெளியே இயற்கையை ரசித்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்கடுத்து அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவருடைய டீசல் வண்டி. ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்க்கிற உத்தியோகம். இப்போது ஆபீசிலேயே உட்கார வைத்துவிட்டதால் வண்டியை விற்கிறார். கிலோமீட்டர் மூன்று லட்சத்தை எட்டிப் பிடிக்கப் போகிறது என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார்.

“மூணு லட்சமா? அது வண்டியில்லம்மா, எலும்புக்கூடு.”

“மாமா, அத்தனையும் நெடுஞ்சாலைல ஓடினது. ஒரே ஆள் ஓட்டினது. ஒரே கியர்ல நாள் பூரா போற வண்டிக்குக் கிளட்சு தேயறதுக்கு நேரம் ஏது? ஊருக்குள்ள சந்து சந்தா ஓடின வண்டியவிட இது நல்லாவே இருக்கலாம்.”

“இருக்கலாம்னுதானே சொல்ற?”

“அதான் பாக்கப் போறேன். அக்காவ மட்டும் அனுப்பி வைங்க.”

“நானா?” என்றேன். “நான் எதுக்கு? மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போ.”

“மெக்கானிக் எந்த வண்டியையும் ஓட்டிடுவாருக்கா. எனக்கு நல்ல வண்டி தேவையில்ல. மன்னிக்கிற வண்டி வேணும். வர்றவங்க அத்தன பேரும் கிளட்ச பட்டுனு விடுவாங்க, கியர மாத்திப் போடுவாங்க. அத்தனையும் தாங்கிட்டு நிக்காம போகணும். அத நீங்க ஓட்டினாத்தான் கண்டுபிடிக்க முடியும்.”

ஊரிலேயே மோசமாக ஓட்டுகிறவள் என்று என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

மருந்துக் கம்பெனிக்காரர் வீடு ஒரு மாடி வீடு. முன்னால் சிமென்ட் போட்ட வாசல், இரண்டு கதவு வைத்த பெரிய இரும்பு கேட், உள்ளே வரிசையாகப் பூந்தொட்டிகள். கார் சாம்பல் நிறத்தில், துடைத்து, அடக்க ஒடுக்கமாக நின்றது. பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கருங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. மனிதர் சலவைச் சட்டையும் சிரித்த முகமுமாக வரவேற்றார். பல டாக்டர்களிடம் பேசிப் பழகிய வாய்.

“வாங்க, வாங்க. வண்டிய ரெண்டு நாளா தொடவே இல்ல. உங்களுக்காகத்தான் அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன்.”

இவள் நேராகப் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்தாள். வைத்த கை சுட்டது. வெயில் இன்னும் அந்த வாசலுக்கு வரவே இல்லை.

“சார், இது சூடா இருக்கே.”

“அது... வெயிலுக்கு இருக்கும்” என்றார் அவர், மென்று விழுங்கிக்கொண்டு.

மேலே பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தார். “என்ன வெயிலு? விடிஞ்சதுல இருந்து நீங்கதானே ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு நின்னீங்க? இந்தத் துணியெல்லாம் மறுபடி துவைக்கணும், அவ்வளவு புகை.”

மனிதர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நான் சிரிப்பை அடக்கப் பூந்தொட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மூடி மறைத்துவிடும், குளிர்ந்த இன்ஜின்தான் முதல் மூச்சில் உண்மையைச் சொல்லும் என்று இவள் எனக்கு வழியிலேயே சொல்லியிருந்தாள். ‘சரி, ஏமாற்றுக்காரர், கிளம்பு’ என்று கண் ஜாடை காட்டினேன். இவளோ வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆறட்டும் சார். நாங்க இருக்கோம்.”

“எவ்வளவு நேரம் ஆகுமோ... என் மேல நம்பிக்கை இல்லையா?”

“உங்கள நம்பறேன் சார். இன்ஜினோடதான் இன்னும் பழகல.”

அப்படி ஒரு காத்திருப்பு. அரைப் பொழுது போய்விட்டது. நான் படியின் இந்தக் கோடியில், அவள் அந்தக் கோடியில். அவள் அதற்குள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கதவுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவா என்று விரலை விட்டுப் பார்த்தாள். கதவோரத்து ரப்பரில் பெயின்ட் சிந்தியிருக்கிறதா என்று பார்த்தாள். பெடல்களின் ரப்பரைத் தடவினாள். டயர்களைக் குனிந்து தடவி, முன்பக்கத்து டயர் ஒன்று உள்ளோரமாகத் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, “உம்” என்றாள். காலடி விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். என் வீட்டுக்காரர் அதற்குள் போன் செய்துவிட்டார்.

“என்ன ஆச்சு? வண்டி ஓடுதா?”

“ஆறிக்கிட்டிருக்கு” என்றேன்.

“என்னது?”

“வண்டி ஆறிக்கிட்டிருக்கு. ஆறினதும் சொல்றேன்” என்று வைத்துவிட்டேன்.

மருந்துக் கம்பெனிக்காரரின் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. எங்களோடு படியிலேயே உட்கார்ந்துகொண்டார். இவள் என்ன வேலை செய்கிறாள் என்று விசாரித்தார். ஸ்கூல் ஆரம்பிக்கப் போகிறாள் என்று நான் பெருமையாகச் சொன்னேன். இந்த வண்டி நன்றாக இருந்தால்தான் அது நடக்கும் என்றும் சொன்னேன். எனக்கு வாயில் எதுவும் நிற்காது. அந்த அம்மாள் ஒரு கணம் வண்டியைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார்.

“சொல்லிடுங்களேன், ஏன் சூடு பண்ணீங்கன்னு.”

மருந்துக் கம்பெனிக்காரர் தலையைச் சொறிந்தார். “காலைல முதல்ல எடுக்கும்போது கொஞ்சம் புகை வரும்மா. ஒரு இருமல் மாதிரி. அப்புறம் நாள் பூரா வராது. நேத்து ஒருத்தர் வந்து, அந்தப் புகையப் பாத்ததும் ஓடிட்டாரு. நல்ல வண்டிம்மா. அத ஒரு புகைக்காக எல்லாரும் கேவலமாப் பேசறாங்க, மனசு கேக்கல.”

“இத முதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் நான் பாதி வண்டியப் பாத்து முடிச்சிருப்பேன்” என்றாள் இவள். கோபமில்லை. எனக்குத்தான் இருந்தது.

பானெட்டைத் தொட்டால் கை குளிரும் நிலை வந்தபோது சாவியை வாங்கினாள். என்னை வண்டிக்குப் பின்னால் நிறுத்தினாள். “புகை என்ன நிறத்துல வருது, எப்ப நிக்குதுன்னு மட்டும் பாருங்கக்கா.” இன்ஜின் இழுத்தது, இழுத்தது, பிறகு கடகடவென்று பிடித்துக்கொண்டது. குழாயிலிருந்து நீலப் புகை குப்பென்று என் முகத்தில் அடித்தது. நான் இருமி முடிப்பதற்குள் அதுவும் நின்றுவிட்டது. பிறகு ஒன்றும் இல்லை. வெறும் டீசல் நாற்றம். குழாய்க்கு நேரே கையை நீட்டிப் பார்த்தேன், கரி படியவில்லை.

அவள் பானெட்டைத் தூக்கி, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிக் கழற்றி, அதைத் தலைகீழாக அந்த வாயின் மேலேயே வைத்தாள். உள்ளே தேய்ந்துபோன இன்ஜினாக இருந்தால் கீழேயிருந்து காற்று தள்ளி, மூடி துள்ளிக் கீழே விழுந்துவிடுமாம். நாங்கள் நால்வரும் குனிந்து ஒரு மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மருந்துக் கம்பெனிக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். மூடி நடுங்கியது. லேசாக நகர்ந்தது. விழவில்லை. அங்கேயே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

“ம். நெஞ்சு நல்லாருக்கு” என்றாள். “இனி ஓட்டிப் பாக்கணும். அக்கா, ஏறுங்க.”

பழகுநர் லைசென்ஸோடு நான் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். பின்சீட்டில் மருந்துக் கம்பெனிக்காரர். முட்டுக் கல்லை அவரே காலால் தள்ளிவிட்டு வந்து ஏறினார். இவள் பக்கத்தில் பெடல் கிடையாது என்பது கேட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் கால்களை இழுத்து வைத்துக்கொண்டிருந்தாலும், அங்கே ஒரு பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் ஓட்டியிருக்கிறேன். இப்போது அங்கே வெறும் தரை.

தெருவில் நான் என் வித்தைகள் அத்தனையும் காட்டினேன். கிளட்சைப் பட்டென்று விட்டேன். வண்டி ஒரு முறை தலையாட்டியது, ஆனால் நிற்கவில்லை. இரண்டாவது கியருக்குப் பதில் நான்காவதைப் போட்டேன். முனகியது, போனது. பின்சீட்டிலிருந்து “ஐயோ, ஐயோ” என்று ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது. இவள் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் கதவில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். குழியில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் ஏதோ ‘டக்’ என்றது. “முன்னால இடப்பக்கம், சக்கரத்துக்கிட்ட அதிர்ச்சி தாங்கற ரப்பர் புஷ் போயிருக்கு” என்றாள் கண்ணைத் திறக்காமலே. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் போடச் சொன்னாள். ஏ.சி.யைப் போட்டுவிட்டு நிற்கச் சொன்னாள். வெப்பமானி முள் நடுவில் நின்றதைப் பார்த்தாள்.

பிறகு, “இப்படியே பாலத்துல ஏத்துங்க” என்றாள்.

“எந்தப் பாலம்?”

“எதிர்ல இருக்கறதுதான்.”

மேம்பாலம். அதன் உச்சியில் சிக்னல். ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ‘வேண்டாம்’ என்று சொல்வதற்குள் எனக்குப் பின்னால் ஒரு வேன் வந்து ஒட்டிக்கொண்டது. நாங்களும் வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு புத்தம்புதிய கார். பின்னால் வேன். நடுவில் நான். டெஸ்ட்டில் நான் தோற்ற அதே மேடு, ஆனால் இங்கே இன்ஸ்பெக்டருக்குப் பதிலாக ஊரே நிற்கிறது.

சொல்லிக்கொடுத்தபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் நழுவியது.

ஹேண்ட் பிரேக் பிடிக்கவே இல்லை. வேன்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. பின்சீட்டிலிருந்து “அது பிடிக்காதும்மா! நான் கல்லு வைப்பேன்!” என்று அவர் கத்தினார். நான் ஓரகத்தியைப் பார்த்துக் கத்தினேன்.

“பிரேக்கு! பிரேக்கு போடு!”

“என் காலுக்குக் கீழ தரைதான் இருக்கு. பிரேக்கு உங்க காலுக்குக் கீழ இருக்கு” என்றாள். குரல் எப்போதும்போல்தான் இருந்தது. கை மட்டும் கதவின் பிடியில் வெளுத்துப்போயிருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. அவளுடைய ஸ்கூல், அவளுடைய வண்டி, எல்லாம் என் காலில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புத்தியில் ஏறியது.

மிதித்தேன். வண்டி நின்றது.

“சரி. கால அங்கயே வைங்க. இப்ப கிளட்ச கொஞ்சம் கொஞ்சமா மேல விடுங்க. அவசரமில்ல. வேன்காரன் கத்தட்டும், அவனுக்கு வேற வேலை இல்ல. பானெட்ட மட்டும் பாருங்க. அது மூக்கத் தூக்கும். தூக்கினதும் சொல்லுங்க.”

விட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டேன். இந்த இடத்தில்தான் வழக்கமாக இன்ஜின் செத்துவிடும். செத்துவிடும், செத்துவிடும் என்று காத்திருந்தேன். அது சாகவில்லை. கிழட்டு இன்ஜின் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமலை எடுத்தது. பானெட் லேசாக, மிக லேசாக மேலே எழும்பியது.

“தூக்கிடுச்சு!”

“அப்படியே பிடிங்க. இப்ப பிரேக்க விடுங்க.”

விட்டேன். வண்டி அந்த மேட்டில், பிரேக் இல்லாமல், ஒரு அங்குலம் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் என் இடது காலில் நின்றது. என் காலில்! சிக்னல் விழுந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். ஏறியது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு நழுவல் இல்லை, கம்பீரமாக ஏறியது. பாலத்தின் உச்சியில் நான் ஊளையிட்டேன் என்று மருந்துக் கம்பெனிக்காரர் பிறகு எல்லாரிடமும் சொன்னார். இருக்கலாம். இல்லையென்று சொல்ல எனக்கு ஞாபகமில்லை.

இவள் கதவுப் பிடியை விட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

“கல்லப் பாத்தேன்க்கா. பாத்தும் ஏன் கல்லுன்னு கேக்காம விட்டுட்டேன். தப்பு என்னுது” என்றாள். “இன்னொரு தடவ ஏத்துவோமா?”

பாலத்தைச் சுற்றி வந்து இன்னொரு முறை ஏற்றினேன். தேவையே இல்லை. ஆசைக்காகத்தான். இரண்டாவது முறை பின்சீட்டிலிருந்து சத்தமே வரவில்லை.

திரும்பி வந்ததும் அந்த அம்மாள் கேட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் ஹேண்ட் பிரேக் கதையைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். “அவருக்குக் கல்லுதான் பிரேக்கு. எந்த ஊருக்குப் போனாலும் டிக்கில அந்தக் கல்லும் கூடவே வரும்.” இவள் குறைகளை ஒளிக்காமல், உரக்கவே சொன்னாள். ஹேண்ட் பிரேக் கேபிள், முன்பக்கத்து புஷ், உள்ளோரம் தேய்ந்த டயர், காலையில் வருகிற இருமல். எல்லாம் சரிசெய்யக்கூடியவை. அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்டாள். சூடுபண்ணி வைத்த குற்ற உணர்ச்சியிலோ, பாலத்தில் உயிர் பிழைத்த சந்தோஷத்திலோ, அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கையெழுத்துகள் ஆயின. சாவி அவள் கைக்கு வந்தது. அதை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான். இனி எந்த முதலாளி முன்னாலும் அவள் போய் நிற்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, “எலும்புக்கூட்ட வாங்கியாச்சு, நான்தான் மேம்பாலத்துல ஏத்தினேன்” என்றேன். மறுமுனையில் சோபா கிறீச்சிட்டது. பிறகு, “நீயா?” என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டேன்.

நாங்கள் கிளம்ப ஏறும்போது அந்த அம்மாள் வண்டியின் அருகே வந்தார். கதவின் மேல் கை வைத்தார்.

“ஏம்மா, உங்க ஸ்கூல்ல என் வயசுக்காரங்களச் சேப்பீங்களா?”

“யாரா இருந்தாலும் சேப்பேன்.”

“லைசென்ஸ் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. விடாம புதுப்பிச்சுக்கிட்டே வர்றேன். ஓட்டினதுதான் இல்ல. இந்த வண்டி வந்த நாள்ல இருந்து பக்கத்து சீட்டுலதான் உக்காந்திருக்கேன். கேட்டப்பல்லாம், ‘நாளைக்கு, நாளைக்கு’ன்னாரு. இப்ப வண்டியே போகுது.”

மருந்துக் கம்பெனிக்காரர் பூந்தொட்டியில் ஒரு காய்ந்த இலையை மிகுந்த அக்கறையோடு கிள்ளிக்கொண்டிருந்தார்.

என் ஓரகத்தி யோசிக்கவே இல்லை. ஓட்டும் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தாள். “நாளைக்கெல்லாம் வேண்டாம். ஏறுங்க. நீங்கதான் என் முதல் ஸ்டூடன்ட்.” என்னைப் பார்த்து, “அக்கா, பின்னால” என்றாள். நான் ராணியைப்போல் பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஏறினார். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார். இன்ஜின் கடகடவென்று பிடித்தது. பூந்தொட்டியை விட்டுவிட்டுப் புருஷன் ஓடி வந்தார்.

“ஏய், என்ன பண்ற நீ? பாத்து! தூண் இருக்கு! கிளட்ச மெதுவா... அது அப்படி இல்ல, நான் சொல்றேன் பாரு, முதல்ல...”

இடப்பக்கம் உட்கார்ந்திருந்த என் ஓரகத்தி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“சார், வண்டி இப்ப என்னோடது. நீங்க கேட்ட மட்டும் திறந்து விடுங்க.”

அவர் அப்படியே நின்றார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை, பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனிதர் போய், கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நிற்கவில்லை. இன்னொரு குலுக்கு. அதற்கும் நிற்கவில்லை. தூணைத் தாண்டி, அவரைத் தாண்டி, தெருவுக்கு வந்துவிட்டது. நான் பின்சீட்டிலிருந்து தெரு முழுக்கக் கேட்கும்படி கைதட்டினேன்.